ஒருநாள் அக்காவும் நாற்பத்தொன்றாவது படிவமும்

ஒருநாள் அக்காவின் கையைப் பார்த்து அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. திங்கட்கிழமை நகத்துக்குள் மாவு இருக்கும். புதன்கிழமை முழங்கை வரை பெயின்ட் இருக்கும். வெள்ளிக்கிழமை கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். என்ன ஆச்சு என்று கேட்டால், "முயல் கடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துவிடுவார்.

உண்மையில் அவருக்கு ஒரே வேலைதான். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு வேலையிடத்தில் அறுபது மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும். பிற்காலத்தில் என்னவாகப் போகிறோம் என்பதை இப்போதே ஒரு எட்டு எட்டிப் பார்த்துக்கொள்வதற்காம். அதற்கான இடங்களைப் பிடித்துக் கொடுப்பவர்தான் அக்கா. கடை கடையாக, ஆஃபீஸ் ஆஃபீஸாக ஃபோன் போட்டு, "எங்க பிள்ளை ஒண்ணு இருக்கு, ரொம்பச் சமத்து, ஒரு ரெண்டு வாரம் வெச்சுக்கிறீங்களா" என்று கேட்பார். சமத்து என்ற சொல்லை அவர் அளவுக்குத் தேய்த்தவர்கள் யாரும் இருக்க முடியாது. என்னைப் பற்றியும் அதே சொல்லைத்தான் சொன்னார். அது பிறகு.

ஒருநாள் என்ற பெயர் வந்த கதை இது. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பையனைக் காய்கறிகளைக் குளிரில் வைக்கும் கிடங்குக்கு அனுப்பினார். கையுறை வேண்டும் என்று கிடங்குக்காரர் சொல்லவில்லை. அக்காவுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பையன் சாயங்காலம் திரும்பி வந்தபோது பேனாவைப் பிடிக்க முடியாமல் பல்லில் கவ்விக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு அக்கா ஒரு முடிவு செய்தார். இனி எந்தப் பிள்ளையை எங்கே அனுப்பினாலும், அதற்கு முன்னால் தான் அங்கே போய் ஒரு நாள் முழுக்க அந்த வேலையைப் பார்த்துவிடுவது. பார்வையாளராக ஓரமாக நிற்பதெல்லாம் கிடையாது. பெருக்கச் சொன்னால் பெருக்குவார், தூக்கச் சொன்னால் தூக்குவார்.

ஆறு வருடத்தில் நூற்றுச் சொச்சம் இடங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஒரு நாள்.

வந்த பிறகு ஒரு சின்ன அட்டையில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, ஷூ டப்பாவில் போட்டுவைப்பார். அந்த டப்பாதான் எங்கள் பள்ளியின் மிகச் சிறந்த நூலகம் என்பது என் கருத்து. சில அட்டைகள் எனக்கு மனப்பாடம்.

"பல் மருத்துவமனை: தலை சுற்றினால் உடனே தரையில் உட்கார். நின்றுகொண்டே மயங்குவது வீரம் அல்ல."

"சலவை நிலையம்: சட்டைப் பைகளைத் துழாவிப் பார். பொய்ப்பல் வந்தாலும் கத்தாதே. உரியவர் வெட்கப்படுவார்."

"வரி ஆலோசகர்: அவர் சிரித்தால் அது நகைச்சுவை. நீயும் சிரி."

"கூரியர்: நாய்."

கடைசி அட்டையில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

அவருடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்த இடம். காற்றுப்போன பந்துகளின் வாசனை இன்னும் போகவில்லை. கூரை படிக்கட்டின் சாய்வில் இறங்கிவரும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுருள் கம்பி வைத்த பழைய ஃபோன். புதிதாக வருகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "ஐயோ" என்று தலையைத் தடவிக்கொள்வார்கள்.

மூன்றரை மணிக்கு அக்காவின் மகன் வந்துவிடுவான். ஆறு வயது. பையைத் தூக்கி மேசைக்கு அடியில் எறிந்துவிட்டு முதல் கேள்வி கேட்பான்.

"அம்மா, இன்னைக்கு நீ யாரு?"

"இன்னைக்குக் கண்ணாடிக் கடைல ஆளு."

"நேத்து?"

"நேத்து தோட்டக்காரி."

அவன் வகுப்பில் அம்மாவின் தொழிலைப் படம் வரையச் சொன்னார்கள். இவன் ஒரு அம்மாவுக்குப் பதினான்கு கை வரைந்து, ஒவ்வொரு கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டான். கை அதிகம் என்று ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். "குறைச்சுதான்மா போட்டேன்" என்று அவன் அழுதான் என்று அக்கா சொன்னார்.

நான்கு மணிக்கு அக்காவின் கணவர் வந்து பையனை அழைத்துப் போவார். அவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். விடியும் முன் வேலைக்குப் போய்விடுவதால் நான்கு மணிக்கே அவருக்குக் கண் சொருகும். பதினான்கு வருடமாக அதே அடுப்பு. "எனக்கு ரொட்டி தெரியும். மத்ததெல்லாம் இவகிட்ட கேட்டுக்கம்மா" என்பார். மூன்று வருடப் பழக்கத்தில் அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

இந்த வருடத் தொடக்கத்தில் பள்ளி நிர்வாகத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் நாற்பத்தொரு பேரும் அறுபது மணி நேரத்தை முடித்து, வேலையிடத்தின் முத்திரையோடு படிவம் கொடுத்தால்தான் அடுத்த வருடம் இந்தத் திட்டம் உண்டு. ஒரு படிவம் குறைந்தாலும் அறையைப் பூட்டிவிடலாம். அக்காவின் வேலையும் அதோடு சரி. அந்தக் கடிதத்தை அவர் சாய்ந்த கூரையில் ஒட்டிவைத்தார்.

"அங்க எதுக்குக்கா ஒட்டுனீங்க?"

"இடிக்கறப்பல்லாம் படிக்கலாம்னு."

கடைசி நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நாற்பது பேர் சரியாக இருந்தார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் நான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன். முதலில் பல்பொருள் அங்காடிக்கு அனுப்பினார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஒலிபெருக்கி என் கைக்கு எட்டியது. "நீலச் சட்டை போட்ட கணவர் ஒருவர் சோப்பு வரிசையில் தனியாக நிற்கிறார். உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று அறிவித்தேன். நான்கு பேர் வந்துவிட்டார்கள். அடுத்தது விலங்கு மருத்துவமனை. அங்கே ஒரு பூனையின் கூண்டில் "இன்று எனக்குப் பிறந்தநாள்" என்று எழுதி மாட்டினேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதற்குத் தின்னக் கொடுத்தார்கள். அது அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போட்ட பூனை என்பது எனக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்கு மட்டும் உண்மையாகவே வருத்தப்பட்டேன். மூன்றாவது மூக்குக்கண்ணாடிக் கடை. கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பதிலாக நானே ஒன்று எழுதி மாட்டினேன். மேலே பெரிய எழுத்தில் தொடங்கிக் கீழே பொடி எழுத்தில் முடியும். "இதுவரை படித்துவிட்டீர்களா, அப்படியானால் கண்ணாடி வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்." இரண்டு பேர் போய்விட்டார்கள்.

மூன்றும் சேர்த்துப் பதினொரு மணி நேரம். இன்னும் நாற்பத்தொன்பது பாக்கி.

அக்கா என்னைத் திட்டவில்லை. எழுத்துப் பலகையை வாங்கிப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் மூக்கு விடைத்தது. சிரிப்பை முழுங்கிக்கொண்டு ஃபோனை எடுத்தார். அன்றைக்கு மட்டும் பதினேழு இடங்களுக்குப் போட்டார். என் புகழ் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பூனையின் சொந்தக்காரர்தான் பாதி ஊருக்கு இன்ஷூரன்ஸ் முகவராம்.

சாயங்காலம் ஒரு படிவத்தை எடுத்து, வேலையிடம் என்ற கட்டத்தில் "பயிற்சி ஒருங்கிணைப்பு அறை" என்று எழுதி, மேற்பார்வையாளர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"என்னக்கா இது?"

"நாளைலருந்து நீ என்கிட்ட வேலை பாக்கற. ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம், ஏழு நாள். அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள படிவம் போகணும். ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரக்கூடாது உனக்கு."

தலைமை ஆசிரியையிடம் இதற்கு ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. அவரை நாங்கள் பெரிய மேடம் என்போம். உயரம் என்னவோ என் தோளுக்குத்தான் வரும். எதைச் சொன்னாலும் முதலில் "பாருங்க" என்பார். பிறகு ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சில்தான் எங்கள் உயிர் போகும்.

"பாருங்க. சரி. ஆனா இவளப் பத்தி ஒரே ஒரு புகார் வந்தாலும் இந்த மணிக்கணக்கு எதுவும் செல்லாது."

வியாழக்கிழமை தொடங்கியது. அக்காவின் வேலையை நான் சும்மா ஃபோன் பேசுவது என்று நினைத்திருந்தேன். சும்மாவே இல்லை. வேண்டாம் என்பதைத்தான் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள். "பாத்துச் சொல்றோம்" என்பவர்கள் பார்க்க மாட்டார்கள். "மெயில் போடுங்க" என்பவர்கள் திறக்க மாட்டார்கள். "நல்ல விஷயம்ங்க, ரொம்ப நல்ல விஷயம்" என்று பாராட்டுகிறவர்கள்தான் மிக மோசம். அவர்களிடம் இரண்டாவது முறை ஃபோன் செய்யவே கூசும். அக்கா எல்லோருக்கும் ஒரே மாதிரி நன்றி சொல்வார். ஃபோனை வைத்த பிறகு மட்டும், "போங்கடா" என்று மேசைக்குச் சொல்வார்.

நடுவில் ஒருநாள் கேட்டேன். "உங்களுக்கு என்னவாகணும்னு ஆசைக்கா சின்ன வயசுல?"

"யாரும் கேக்கலயே. ஃபோன் கடைல ஒரு வருஷம், அப்புறம் டைப் அடிச்சேன், அப்புறம் நூலகத்துல அடுக்கினேன். எனக்கு எது புடிக்கும்னு தெரியறதுக்கு முன்னாடியே ஏதாவது ஒரு வேலை கெடைச்சிட்டே இருந்துச்சு."

"இப்ப நூறு வேலை பாத்துட்டீங்களே. எது புடிச்சது?"

"ஒரு நாள்ல எல்லாமே புடிக்கும்டி" என்றார்.

ஷூ டப்பாவில் ஒரே ஒரு அட்டை மட்டும் வரி இல்லாமல் இருந்தது. மேலே "லிஃப்ட் கம்பெனி" என்று எழுதி, கீழே வெறுமையாக. மூன்று வருடமாக அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுக்குக் கீழ் வகுப்பில் ஒரு பெண், லிஃப்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து இவரைப் பிடுங்கி எடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் வரவேற்பறைப் பெண்மணி, "நாங்க பிள்ளைங்கள எடுக்கறதில்லைங்க" என்று வைத்துவிடுவார். அந்தப் பெண்ணுக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்துக் கட்டடத்து லிஃப்டில் ஏறும்போது அக்கா கதவைப் பார்க்க மாட்டார், அண்ணாந்து மேலேதான் பார்ப்பார். அதையும் நான் கவனித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா ஏதோ அச்சகத்தில் ஒரு நாள் வேலைக்குப் போயிருந்தார். அறையில் நானும் ஃபோனும் மட்டும். நான் யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். அது நான் கற்றுக்கொண்டதில்லை, காது அப்படி. என்ன செய்யக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

"பாருங்க" என்றேன். ஒரு மூச்சு விட்டேன். "நான் பள்ளித் தலைமை ஆசிரியை பேசறேன். மேனேஜர்கிட்ட குடுங்க."

வரவேற்பறைப் பெண்மணி மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நிற்கிறார்.

"மேடம், நீங்களா? நான் உங்ககிட்ட படிச்சவன் மேடம். என்னை ஞாபகம் இருக்கா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நடுவில் முழித்தால் மாட்டிக்கொள்வோம்.

"ஏன் இல்லாம? நீ நல்லா வருவேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு நான் நெனச்சதே இல்ல மேடம். எத்தன பிள்ளைங்க வேணும்னாலும் அனுப்புங்க."

சாயங்காலம் அக்கா வந்ததும், லிஃப்ட் கம்பெனியில் சரி சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். விரலில் அச்சு மை அப்படியே இருக்க, அவர் ஃபோனை எடுத்துக் கணவருக்குப் போட்டார். "என்னங்க, லிஃப்டுங்க. லிஃப்டு கெடைச்சிடுச்சு." தூக்கத்தில் இருந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, "யாருக்கு என்ன ஆச்சு" என்று கத்தியது எனக்கே கேட்டது. அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து கூரையில் இடித்துக்கொண்டார். தலையைத் தேய்த்தபடி கடிதத்தைப் பார்த்து, "போடா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை. யார் குரலில் கேட்டேன் என்பதை அப்போது சொல்ல வரவில்லை எனக்கு.

புதன்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு இரண்டு பேரையும் பெரிய மேடம் கூப்பிட்டார்.

"பாருங்க. லிஃப்ட் கம்பெனி மேனேஜர் இப்ப எனக்கு ஃபோன் பண்ணாரு. பிள்ளைங்களுக்கு என்ன அளவுல பாதுகாப்பு ஷூ வேணும்னு கேட்டாரு. நேத்து நான் அவர்கிட்ட அன்பா பேசினேனாம். நான் யார்கிட்டயும் அன்பா பேசறதில்ல. யாரு பேசினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஒரு அடி முன்னால் போனார். "நான்தான் மேடம்."

பெரிய மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? எங்க, பேசிக் காட்டுங்க."

"இப்பவா மேடம்?"

"இப்பதான்."

அக்கா தொண்டையைச் செருமினார். "பாருங்ங்க" என்றார். அது குளிர்ந்த தண்ணீரில் விழுந்த ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. நம்பிக்கையை விடாமல் இன்னொரு முறையும் முயன்றார். இரண்டாவது இன்னும் மோசம். அக்காவின் காது மடல்கள் சிவந்துபோயின. இவர் வேலை போகப் போகிறது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்காக ஆட்டுக்குட்டியாக நிற்கிறார். என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

"பாருங்க" என்றேன் நான். ஒரு மூச்சு. "போதும். வெளிய யாரு, உள்ள வாங்க."

கதவு திறந்தது. வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் அண்ணன் அவசரமாகத் தலையை நீட்டினார். "கூப்பிட்டீங்களா மேடம்?"

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இல்லப்பா, நீ போ" என்றபோது அவர் குரல் கொஞ்சம் என் குரல் மாதிரி இருந்தது.

"மேடம், அக்காவுக்கு எதுவும் தெரியாது. நாந்தான் பேசினேன். என் மணிய வேணா எடுத்துக்குங்க, அவங்க அறைய..." என்று தொடங்கினேன். 

"உன் மணிய எடுத்தா நாப்பதுதான் இருக்கும். அறை எப்படி இருக்கும்?" என்றார் பெரிய மேடம். கணக்கில் அவர் எப்போதும் சரி. "பாரு, அவரு புகார் சொல்லல. ஷூதான் கேட்டாரு. ஆனா ஒருத்தர ஏமாத்தி எடம் வாங்கினதா நம்ம பள்ளில இருக்கக் கூடாது. இந்தா, நீயே பேசு. உன் குரல்ல." எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, என் முன்னால் தள்ளினார்.

என் சொந்தக் குரலில் பெரியவர்களிடம் பேசி எனக்குப் பழக்கம் குறைவு.

"சார், நேத்து பேசினது மேடம் இல்ல சார். நான். பதினொண்ணாம் வகுப்பு."

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"அப்ப நான் நல்லா வருவேன்னு சொன்னது?"

"அதுவும் நான்தான் சார்."

"உனக்கு என்ன வயசும்மா?"

"பதினாறு சார்."

"வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பூனைக்கு அடுத்தபடியாக நான் வருத்தப்பட்டது இவருக்காகத்தான். மன்னிப்பு கேட்டேன். 

பெரிய மேடம் ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். "எந்த வருஷம் படிச்ச?"

அவர் வருடத்தைச் சொன்னார். பெரிய மேடம் கூரையைப் பார்த்தார். "கடைசி பெஞ்சு. மேல இருந்த ஃபேனக் கழட்டிப் பிரிச்சது நீதானே?"

"ஆமா மேடம்."

"திருப்பி மாட்டிட்டு, மூணு ஸ்க்ரூ மிச்சம்னு எங்கிட்ட கொண்டு வந்து குடுத்த."

"நாலு மேடம். ஒண்ண நான் வெச்சுக்கிட்டேன்."

"அன்னைக்கு நான் உன்னச் சொன்னது வேற. அத இந்தப் பிள்ளைங்க முன்னாடி சொல்ல முடியாது. இப்ப லிஃப்ட்ல ஸ்க்ரூ மிச்சம் வருதா?"

"ஒண்ணுகூட வராது மேடம்."

"அப்ப நல்லாதான் வந்திருக்க" என்றார் பெரிய மேடம். "இது நான்தான் சொல்றேன்."

அந்தப் பக்கம் மறுபடி மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜர் சொன்னார்: "அந்தக் குரல் மாத்திப் பேசற பொண்ண நாளைக்கு அனுப்புங்க மேடம். கூடப் பெரியவங்க ஒருத்தர் வரணும்."

அப்படித்தான் என்னுடைய கடைசிப் பதினான்கு மணி நேரம் லிஃப்ட் கம்பெனிக்குப் போனது. அக்கா முன்கூட்டியே போய்ப் பார்ப்பதற்கு நாள் இல்லை. அதனால் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். பெரிய மேடத்தின் அறையில் நின்ற முக்கால் மணி நேரத்தையும் பயிற்சி நேரத்தில் சேர்த்துவிட்டு, படிவத்தில் என்னைப் பற்றி இரண்டு வரி எழுதினார் அக்கா. தொலைபேசித் திறன்: தேவைக்கு மேல். நேர்மை: புதன்கிழமையிலிருந்து.

அன்றைக்குப் பெரிய மேடத்தின் அறையிலிருந்து வெளியே வந்ததும், "எதுக்குக்கா நீங்க ஏத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"எனக்கு நாப்பத்தொண்ணு வேணும்டி" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஏன், நான் பேசினது அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"ஆட்டுக்குட்டிக்கா."

வழி முழுக்கச் சிரித்தோம்.

மறுநாள் லிஃப்ட் கம்பெனி எங்களை அனுப்பியது ஒரு எட்டு மாடி ஆஃபீஸ் கட்டடத்துக்கு. மெக்கானிக் அண்ணன் பெரிய உடம்புக்காரர், மெல்லிய குரல். லிஃப்டின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டு போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் எங்களைக் கிட்டவே விட்டார். மொட்டைமாடி அறையில் இயந்திரம், கயிறுகள், ஆள் உயரப் பெட்டிக்குள் சிமிட்டும் விளக்குகள். முதல் நாள் அக்கா கலக்கினார். எங்கே கை வைக்கக்கூடாது, எதை முதலில் கேட்க வேண்டும், யாரிடம் துணி வாங்க வேண்டும் என்று எல்லாம் அத்துப்படி. நூறு முதல் நாள் பார்த்தவர் அல்லவா. சாயங்காலம் கிளம்பும்போது பழக்கத்தில் கையைக் கூப்பினார்.

"ரொம்ப நன்றிங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்."

"நாளைக்கு ஒன்பதரைக்கு வந்துடுங்க" என்றார் மெக்கானிக் அண்ணன்.

வெள்ளிக்கிழமைதான் வேடிக்கை. அக்காவுக்கு இரண்டாம் நாள் என்றால் என்னவென்றே தெரியவில்லை. முதல் நாள் எல்லாவற்றையும் காட்டினார்கள். இரண்டாம் நாள், "நேத்து சொன்னேனே" என்கிறார்கள். துடைக்கும் துணியைத் தவறான வாளியில் நனைத்தார். மாடி எண்ணை மாற்றிச் சொன்னார். மத்தியானம் படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "மொத நாள் தப்பு பண்ணா சிரிப்பாங்கடி. ரெண்டாம் நாள் பண்ணா பாக்கறாங்க."

"வெள்ளிக்கிழமைதானக்கா. நாலரைக்கு முடிஞ்சிடும்."

அவர் ரொட்டித் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டு எழுந்தார்.

ஏழாவது மாடிக் கதவு மூடப் போய், மூடாமல் திரும்பத் திறந்துகொள்கிறது என்று பல நாளாகப் புகார் இருந்தது. மெக்கானிக் அண்ணன் மேலே பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தார். அக்கா கீழே மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தை ஒரு மெல்லிய கம்பியால் நோண்ட ஆரம்பித்தார். கொண்டை ஊசி, பேனா மூடி, உலர்ந்த ரொட்டித் துணுக்கு, ஒரு சட்டைப் பொத்தான் என்று வெளியே வந்துகொண்டிருந்தன. பள்ளத்தின் கோடியில், கண்ணுக்கே தெரியாத இடத்தில், நகத்தளவு கல் ஒன்று சிக்கியிருந்தது. முகத்தைத் தரையோடு வைத்து அதை எடுத்தார். மின்சாரம் போட்டதும் கதவு தயங்காமல் மூடியது.

மெக்கானிக் அண்ணன் கல்லை வாங்கி உள்ளங்கையில் உருட்டினார். "ரெண்டு வாரமா மேலயே பாத்துட்டிருந்தேன்" என்றார். பிறகு இரண்டாம் நாள்காரர்களிடம் பேசுகிற குரலில், "கீழ ஒரு இருபது தடவ தெறந்து மூடிப் பாருங்க. நடுவுல ஏதாவது சத்தம் வருதான்னு கேளுங்க" என்றார்.

மணி நாலரை. என் அறுபதாவது மணி நேரம் முடிந்தது. மெக்கானிக் அண்ணன் பையிலிருந்து முத்திரையை எடுத்து, தன் முழங்காலில் படிவத்தை வைத்துக் குத்தினார். பள்ளி அங்கிருந்து ஓடினால் இருபது நிமிடம்.

"அக்கா, வாங்க. அஞ்சு மணிக்குள்ள போகணும்."

அக்கா கதவோடு காதை வைத்துக்கொண்டிருந்தார். "பதினொண்ணு" என்றார். "நீ போடி. இன்னும் ஒன்பது இருக்கு."

"அக்கா, படிவம்."

"நீதான் என் ஆளு. கொண்டு போய்க் குடு."

படிவத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு ஓடினேன். வழியில் இரண்டு முறை நின்று, அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பெரிய மேடம் நாற்பது படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னுடையதை வாங்கி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உண்மையான முத்திரைதான். சந்தேகம் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணினார். நாற்பத்தொன்று. உறையில் போட்டு ஒட்டியபோது ஐந்தாக ஏழு நிமிடம் இருந்தது.

"உங்க அக்கா எங்க?"

"லிஃப்ட்ல இருக்காங்க மேடம்."

"மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல மேடம். வேலை பாக்கறாங்க."

பெரிய மேடம் ஒரு மூச்சு விட்டார். "பாரு" என்றார். "திங்கட்கிழமை கொஞ்சம் லேட்டா வந்தாப் போதும்னு சொல்லிடு."